ஒரே துளையில் எல்லாம்: காட்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஹெட்போன் பட்ட பாடு

காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற சாலையை ஒட்டி ஓர் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. பெயர் இங்கே தேவையில்லை. அதன் முன்னாள் மாணவர்கள், பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருப்பவர்கள், பணம் திரட்டி ஒரு வகுப்புக்குப் போதுமான புது டேப்களை வாங்கிக் கொடுத்தார்கள். பெரிய திரை, தாராளமான ராம், நாலு ஸ்பீக்கர். ஏற்கெனவே அங்கே இருந்தவை கொரோனா சமயத்தில் யாரோ கொடுத்த சின்ன டேப்கள். அவற்றோடு பார்த்தால் எல்லாவற்றிலும் இவை ஒரு படி மேல். ஹெட்போன் பின் சொருகும் ஓட்டை மட்டும் இல்லை.

வழங்கும் விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள், டேப்களுக்கு எண் ஒட்டி பீரோவில் அடுக்கினார்கள். அதுவரை யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்குக் கேட்டல் பயிற்சி நடத்த ஆரம்பித்த அன்றுதான், பிள்ளைகள் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டேப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். வேலூர்ச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் கணினி, புரொஜக்டர், யுபிஎஸ் பழுது பார்ப்பது என் வேலை. "ஸ்பீக்கர் வருது சார், ஹெட்போன் மட்டும் போட முடியல" என்று தலைமையாசிரியை கூப்பிட்டார். அன்று தொடங்கி கல்வியாண்டு முடியும் வரை அந்த டேப்களுக்கு என்னென்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. இதே வகை டேப்களை வாங்கப் போகிற பள்ளிகளுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெட்போன் இல்லாமல் ஏன் முடியாது

நாலு ஸ்பீக்கர் இருக்கும்போது ஹெட்போன் எதற்கு என்று கேட்கலாம். கொடுத்தவர்களில் ஒருவரே கேட்டார். அந்த வகுப்பறைக்குள் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கேள்வி வராது. தலைக்கு மேல் மூன்று மின்விசிறிகள், அதில் ஒன்று எப்போதும் கடகடவென்று ஆடும். வெளியே லாரி ஹாரன். இதற்கு நடுவில் முப்பத்துச் சொச்சம் டேப்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு வரியைப் படித்தால், பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் தட்டாமல் என்ன செய்வார்?

இன்னொரு காரணமும் உண்டு, அது இந்தப் பகுதிக்கே உரியது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், குறிப்பாக ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. வேலூர் டவுன், பேரணாம்பட்டு பக்கம் போனால் உருது. இந்தப் பள்ளியில் இரண்டும் உண்டு. வீட்டுக்குள் காதில் விழாத மொழியைப் பள்ளியில் கேட்டுத்தான் பழக வேண்டும். பள்ளி, பல்லி, வாழை, வாளை, இவற்றைப் பிள்ளை தன் வேகத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு, தானே சொல்லிப் பதிவு செய்து, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வதுதான் அந்தப் பாடம். ஐந்தாம் வகுப்பு டீச்சர் இதை நன்றாகவே நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவி ஒரு அட்டைப்பெட்டி நிறைய சாதா வயர் ஹெட்போன். எல்லாம் 3.5 மில்லிமீட்டர் உருண்டைப் பின்.

ஓட்டை எங்கே போனது

இந்தப் பின்னின் மூதாதை 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் பிறந்தது. ஆபரேட்டர்கள் கையில் பிடித்து மாற்றி மாற்றிச் சொருகியது கால் அங்குலப் பின். அதையே சிறிதாக்கி, டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் 3.5 மில்லிமீட்டர் பரவியது. 1979-இல் சோனி வாக்மேன் வந்த பிறகு ஹெட்போன் என்றாலே அந்தப் பின்தான் என்று ஆனது. நூறு ரூபாய் ஹெட்போனும் பத்தாயிரம் ரூபாய் ஹெட்போனும் ஒரே ஓட்டையில் போகும். இப்படி யாருக்கும் உரிமைத்தொகை கட்டாத பொதுச்சொத்து மின்னணு உலகில் அபூர்வம்.

2016 செப்டம்பரில் ஆப்பிள் ஐபோன் 7-இல் 'ஜாக்' எனப்படும் அந்த ஓட்டையை எடுத்தது. மேடையில் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று 'துணிச்சல்'. வயர் இல்லாத ஏர்பாட்ஸும் அதே நாளில் அதே மேடையில் அறிமுகமானது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டேப் பக்கம் 2018-இன் ஐபேட் ப்ரோவில் போனது. பள்ளிகள் அதிகம் வாங்குகிற சாதாரண ஐபேடில் 2022 அக்டோபரில் வந்த பத்தாம் தலைமுறையோடு போனது. ஜாக் வைத்திருந்த ஒன்பதாம் தலைமுறையை 2024 மே மாதம் விற்பனையிலிருந்து எடுத்தபோது, ஆப்பிளின் வரிசையில் ஜாக் உள்ள ஐபேடே இல்லாமல் போயிற்று. சாம்சங்கில் கதை கொஞ்சம் வேறு. விலை உயர்ந்த எஸ் வரிசையில் 2019-இன் டேப் எஸ்6-லேயே ஜாக் போய்விட்டது. ஆனால் 2023-இல் வந்த விலை குறைந்த டேப் ஏ9-இல் ஜாக் இருந்தது.

இதைக் கவனியுங்கள். விலை உயர உயர ஜாக் காணாமல் போகிறது. 'பிள்ளைகளுக்குத்தானே, கொஞ்சம் நல்லதாகவே வாங்குவோம்' என்று நல்ல மனதோடு ஒரு படி மேலே போகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். நம் முன்னாள் மாணவர்களுக்கு நடந்ததும் இதுவே. போனில் இடம் போதவில்லை, தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும் என்றெல்லாம் நிறுவனங்கள் சொன்னதில் ஏதோ நியாயம் இருக்கலாம். சிலேட்டு அளவு டேப்பில் இடம் போதவில்லை என்றால் யார் நம்புவது?

முதல் வைத்தியம்: கன்வெர்ட்டர்

பள்ளி முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். ஒரு ஆசிரியர் வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்குப் போய் டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினார். ஒரு முனை டேப்பின் சார்ஜர் துளையில் சொருகும் டைப்-சி பின், மறு முனையில் ஹெட்போன் ஓட்டை. கடையிலேயே தன் போனில் சொருகிப் பார்த்தார். பாட்டு வந்தது. உடனே வகுப்புக்கு வேண்டிய மொத்தத்தையும் வாங்கி வந்துவிட்டார். பள்ளிக்கு வந்து டேப்பில் சொருகினால் சத்தமே இல்லை. ஒன்றில் இல்லை, பத்தில் இல்லை, எதிலுமே இல்லை. திரும்பப் போனபோது கடைக்காரர் சொன்ன பதில்: "இன்னா சார், உங்க போன்ல பாட்டு வந்துச்சு இல்ல? அப்போ மால் நல்ல மால்தான். உங்க டேப்லதான் இன்னாவோ கோளாறு."

அவர் சொன்னதில் பாதி சரி. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இந்தக் கன்வெர்ட்டர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வெறும் கம்பி. ஒலியை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் வேலையை டேப்போ போனோ உள்ளேயே முடித்து, டைப்-சி வழியாக வெளியே அனுப்ப வேண்டும். கன்வெர்ட்டர் அதைக் கடத்தும், அவ்வளவுதான். அப்படி அனுப்பும் வசதியைச் சில போன்களில் வைத்திருப்பார்கள், பலவற்றில் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது சாதியில் பின்னுக்குள்ளேயே டிஏசி என்கிற சின்ன சிப் இருக்கும். டிஜிட்டலாக வருகிற ஒலியை அதுவே மாற்றிக்கொள்ளும். இது கிட்டத்தட்ட எல்லாச் சாதனத்திலும் வேலை செய்யும், விலையும் சில மடங்கு கூடும். ஆசிரியரின் போன் வெறும் கம்பிக்கும் ஒத்துழைக்கிற ரகம், டேப் அப்படி இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

கடையில் நின்றபடியே எது எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டைப்-சி உள்ள லேப்டாப்பில் சொருகி, ஒலி அமைப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலில் புதிதாக ஒரு சாதனத்தின் பெயர் தோன்றினால் உள்ளே சிப் இருக்கிறது. எதுவும் தோன்றவில்லை என்றால் வெறும் கம்பி. 'டிஏசி' என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், சொருகிப் பாருங்கள். வாங்கப் போகிற டேப்பையே கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

புளூடூத்

நடுவில் புளூடூத் ஹெட்போனும் முயன்றார்கள். இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் அதுவும் சீக்கிரம் முடிந்தது. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஆகவே டேப் திரையில் ஒரே பெயர் வரிசையாக வரும். எது யாருடையது? "மிஸ், ஆறாம் நம்பர் டேப் பேசுறது எனக்குக் கேக்குது" என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுடைய டேப்போ சுவருக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பில் சார்ஜில் கிடந்த ஹெட்போனோடு சேர்ந்திருந்தது. ஜோடி சேர்த்து முடிப்பதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும். அப்புறம் மைக் பயன்படுத்தியவுடன் புளூடூத் தொலைபேசி முறைக்கு மாறி, ஒலி போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும். சாதாரணப் போன் தரத்தில் ஆங்கில எஃப்பும் எஸ்ஸும் பிரித்தறிய முடியாமல் போவது தெரிந்த விஷயம்தான். உச்சரிப்பு கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கு அது உதவாது. போதாததற்கு ஹெட்போனுக்கும் தினம் சார்ஜ் போட வேண்டும்.

சத்தம் வந்தது, குரல் போனது

பிறகு சிப் உள்ள கன்வெர்ட்டர்களைப் பள்ளி வாங்கியது. ஒலி வந்தது, எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த வாரமே புதுப் புகார்: பிள்ளைகள் படித்துப் பதிவு செய்தால் பதிவு ஓடுகிறது, ஆனால் திரும்பப் போட்டால் குரல் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. பள்ளியிடம் இருந்த பழைய ஹெட்போன்களில் மைக் கிடையாது, பின்னில் இரண்டு கறுப்பு வளையம்தான். மைக் உள்ளவற்றில் மூன்று வளையம் இருக்கும். பழைய டேப்பின் ஜாக்கில் மைக் இல்லாத பின்னைச் சொருகினால், டேப் அதைப் புரிந்துகொண்டு தன் சொந்த மைக்கையே வைத்துக்கொள்ளும். இந்தக் கன்வெர்ட்டரோ, எந்த ஹெட்போனைச் சொருகினாலும் 'என்னிடம் மைக் இருக்கிறது' என்று டேப்பிடம் சொல்லிவிடும். டேப்பும் நம்பித் தன் மைக்கை மூடிவிட்டு, இல்லாத மைக்கின் பக்கம் காதை வைத்துக் காத்திருக்கும். பதிவுச் செயலியில் எந்த மைக் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இதைச் சரி செய்யலாம். அவர்கள் பயன்படுத்திய செயலியில் அது இல்லை. கடைசியில், கேட்கும்போது சொருகுவது, பதிவு செய்யும்போது பிடுங்குவது என்று ஒரு முறைக்கு வந்தார்கள்.

வகுப்பைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது. ஆனால் உண்மையான சேதம் இந்த ஏற்பாட்டில்தான் தொடங்கியது.

சார்ஜ் ஏறாத டேப்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது சில டேப்கள் உயிரோடு இல்லை. சார்ஜர் போட்டால் சில நேரம் ஏறும், கையை எடுத்தால் நிற்கும். வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஏறும். ஒரு பையன் தன் டேப்புக்கு அடியில் ரப்பர் வைத்து, வயரைச் சரியான கோணத்தில் நிறுத்தி வைத்திருந்தான். அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குள் சீருடைப் பஞ்சும் சாக்பீஸ் தூளும் கெட்டியாக அடைந்திருந்தது. அதைச் சுத்தம் செய்ததில் சில டேப்கள் பிழைத்தன. (டேப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, ஸ்டேப்ளர் பின் எதையும் உள்ளே விடாதீர்கள்.) மற்றவற்றில் சேதம் வேறு மாதிரி. டைப்-சி துளைக்கு நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு நிற்கும். ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் தடிமன், அதன் இரண்டு பக்கமுமாக 24 தொடுமுனைகள். அந்த நாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

10,000 தடவை சொருகி எடுத்தாலும் தாங்கும் என்பதுதான் டைப்-சியின் தரக்கணக்கு. அந்தக் கணக்கு பொய்யில்லை, ஆனால் அது நேராகச் சொருகி நேராக எடுப்பதற்கான கணக்கு. பெல் அடித்ததும் ஒரு பத்து வயதுப் பையன் என்ன செய்வான் என்று யோசியுங்கள். தலையில் ஹெட்போன் இருப்பதையே மறந்து எழுந்து ஓடுவான். வயர் இழுபடும். பழைய உருண்டைப் பின் அந்த இழுப்பில் சுழலும், சரிந்து கழன்று வந்துவிடும். வயர் அறுந்தாலும் நஷ்டம் ஒரு ஹெட்போனோடு முடிந்துவிடும். டைப்-சி தட்டை, அதற்குச் சுழலத் தெரியாது. பக்கவாட்டு இழுப்பு முழுவதும் நடு நாக்கில் போய் விழும். அதிலும் வயர் இல்லாமல் விறைப்பாகக் குச்சி போல நிற்கிற கன்வெர்ட்டராக இருந்தால் அதுவே நெம்புகோல். பள்ளி வாங்கியது அந்த ரகம்தான், வயர் உள்ளதைவிட அது உழைக்கும் என்று நினைத்து. பதிவுக்காகப் பாடத்துக்குப் பாடம் பிடுங்கிச் சொருகியதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். ஜாக் போனதால் பள்ளிக்கு வந்த பெரிய செலவு கன்வெர்ட்டர் விலை அல்ல. முன்பு கேட்பதற்கு ஒரு துளை, சார்ஜுக்கு ஒரு துளை. கேட்கிற துளை கெட்டாலும் டேப் ஓடும், ஸ்பீக்கரில் வீடியோ பார்க்கலாம், வேறு வகுப்புக்கு மாற்றலாம். இப்போது பிள்ளைகள் பிடுங்கிச் சொருகுகிற துளையும் டேப்புக்குச் சோறு போகிற துளையும் ஒன்றே. அது கெட்டால் பேட்டரி தீர்ந்த அன்றோடு டேப் வெறும் கண்ணாடிப் பலகை.

பழுது பார்ப்பதும் மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் சார்ஜிங் துளை தனிக் குட்டி போர்டில் இருக்கும், கடைகளில் 'சிசி போர்டு' என்பார்கள். அதைக் கழற்றி வேறு மாட்டினால் முடிந்தது. இந்த டேப்களில் துளை நேராக மெயின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. உதிரிபாகத்துக்குச் சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. சூடு கொடுத்து எடுத்து மாற்றியதில் ஒன்றின் போர்டே போய்விட்டது. வாரண்டி? 'பயன்பாட்டினால் ஏற்பட்ட சேதம்' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஒரே துளை என்பதால் இன்னொரு தொல்லையும் இருந்தது. இரவில் யாரும் இல்லாத கட்டடத்தில் சார்ஜ் போட்டு வைக்கப் பள்ளிக்குப் பயம். அந்தப் பயம் சரியானதே. ஆகவே பகலில்தான் சார்ஜ். முன்பு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் கேட்பார்கள். இப்போது கேட்டால் சார்ஜ் இல்லை, சார்ஜ் போட்டால் கேட்க முடியாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு மறுநாள் கேட்டல் வகுப்பே கிடையாது. சார்ஜையும் ஹெட்போனையும் ஒன்றாகத் தருகிற இரட்டைக் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. ஏற்கெனவே சாய்ந்த நாக்கில் இரண்டு வயரைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

ஜாக் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. பின்னின் நுனி உள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொள்வது பள்ளிகளில் நான் அடிக்கடி பார்க்கும் கேஸ். ஹெட்போன் இன்னும் சொருகியிருப்பதாக டேப் நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை ஊமையாக்கிவிடும். ஆனால் அப்போதும் டேப்பில் சார்ஜ் ஏறும்.

பள்ளி என்ன செய்தது

முதல் காரியமாக, கன்வெர்ட்டரைப் பிள்ளைகள் தொடுவதை நிறுத்தினோம். வயர் உள்ள கன்வெர்ட்டர் வாங்கி, ஹெட்போன் பின்னோடு சேர்த்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய் போட்டு ஒட்டியாயிற்று. வயரை டேப் உறையின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். பையன் எழுந்து ஓடினால் இழுபடுவது உறை, துளை இல்லை. செலவு சொற்பம். இதற்குப் பிறகு அந்தக் கல்வியாண்டில் புதிதாக எந்த நாக்கும் சாயவில்லை.

இரண்டாவதாக, பழைய சின்ன டேப்களைப் பீரோவிலிருந்து இறக்கினோம். வீங்கிய பேட்டரிகளைக் கழித்து, மாற்றக் கூடியவற்றுக்குப் புது பேட்டரி போட்டோம். கேட்டலும் பதிவும் மறுபடி அவற்றுக்கே போயின. ஒரே ஜாக்கில் இரண்டு ஹெட்போன் போடும் ஒய் வயரை வைத்து இரண்டு பிள்ளைக்கு ஒரு டேப். புது டேப்கள் கணக்கு, அறிவியல் வீடியோவுக்கு. அவற்றின் பெரிய திரைக்கு அதுதான் பொருத்தமும்.

முன்னாள் மாணவர்களிடம் தலைமையாசிரியை இதை எடுத்துச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "இப்பல்லாம் யார் மேடம் வயர் ஹெட்போன் யூஸ் பண்றாங்க?" என்றார் ஒருவர். "நம்ம ஸ்கூல்ல எல்லாருமேப்பா" என்றார் இவர். அந்தப் பக்கம் சிரித்துவிட்டு, அடுத்த தடவை நீங்களே என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

அவர் எழுதிக் கொடுத்ததில் முதல் வரி: தனி 3.5 எம்.எம். ஹெட்போன் ஜாக் இருக்க வேண்டும். இரண்டாவது: சார்ஜிங் துளை தனியாக மாற்றக் கூடிய போர்டில் இருக்க வேண்டும். ராம், திரை எல்லாம் அதற்குக் கீழே. வந்த விலைப்பட்டியல்களில் இரண்டு கம்பெனிகள் ஜாக் என்ற இடத்தில் 'டைப்-சி ஆடியோ வசதி உண்டு' என்று நைசாக எழுதியிருந்தன. இரண்டையும் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது கம்பெனியுடையது கொஞ்சம் பழைய மாடல், ஜாக்கோடு, விலையும் குறைவு. ஆர்டர் அதற்குப் போயிருக்கிறது. லாங் பஜார்க் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்த அந்த முதல் தொகுதிக் கன்வெர்ட்டர்கள் ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கின்றன. யார் போனில் பாட்டு வருகிறதோ அவர்கள் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.